குராத்தா இறக்கி வைத்த சொற்கள்

அறிவிப்பை வாசித்து முடித்து ஜெபக்கனி ஒலிபெருக்கியை அணைத்ததும், சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ கைதட்டினார்கள்.

"குராத்தா வந்துட்டார்!" என்று மேசையைத் தட்டினார் முன்னாள் தச்சர் ஒருவர். "பத்தொன்பது வருஷம் கழிச்சு மறுபடி மைக்கைப் பிடிச்சிட்டார்! குரல்தான் பொம்பளைக் குரலாயிடுச்சு, பாவம்."

கூடம் முழுக்கச் சிரித்தது.

ஜப்பானின் மலைப்பகுதியில், ஓர் ஆற்றின் கரையில் இருந்தது அந்த முதியோர் இல்லம். நாசரேத்தில் நர்ஸ் படிப்பு முடித்த ஜெபக்கனி இங்கே வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. அவள் ஜப்பானிய மொழியைப் படித்துக் கற்றவள் அல்ல. அது அவளுக்குள் ஏற்றப்பட்டது. வேலை செய்யப்போகும் ஊரின் பேச்சு அச்சாக வர வேண்டும் என்பதற்காக, அந்த ஊர்க்காரர்கள் நாற்பத்து மூன்று பேரிடமிருந்து சொற்களை எடுத்து, படுக்க வைத்து, தலைக்கவசம் மாட்டி, மூன்று வாரத்தில் அவளுக்குள் இறக்கியிருந்தார்கள். சொல்லோடு கொடுத்தவரின் சாயலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதனால் அவள் வாயைத் திறந்தாலே பெரியவர்களுக்கு ஒரு விளையாட்டு. 'சோறு ஆறிடும்' என்றால், "இது டோஃபு கடைக்காரம்மா!" என்பார்கள். 'காலை நீட்டுங்க' என்றால், "பழைய போஸ்ட்மாஸ்டர்!" என்பார்கள்.

இன்று அவள் வாசித்தது ஆற்று அறிவிப்பு. பிற்பகல் இரண்டு மணிக்கு அணையிலிருந்து நீர் திறந்துவிடப்படும்; ஆற்றுப்படுகையில் இருப்பவர்கள் உடனே மேலேற வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் சன்னலோர மேசையில் ஒருவர் சிரிக்கவில்லை. எண்பத்திரண்டு வயதான இவாசே ஃபுமி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டிருந்தார். சூப் கிண்ணம் கவிழ்ந்து மடியெல்லாம் நனைந்திருந்தது.

ஜெபக்கனி துணியோடு ஓடினாள். மண்டியிட்டுத் துடைக்கக் குனிந்தவளின் தலை தானாக மேலும் தாழ்ந்தது. நெற்றி தரையைத் தொட்டது. "மன்னிச்சுடுங்க" என்றது அவள் வாய். அவள் அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை.

ஃபுமி அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம் இருந்தது.

"நீ ஏன் கேக்கற?" என்றார் மெல்லிய குரலில். "நீ ஏன்?"

ஒன்று மட்டும் ஜெபக்கனிக்குத் தெரியும். மற்றவர்கள் தந்த சொற்கள் நல்ல விருந்தாளிகள் போல அவளுக்குள் தங்கிவிட்டன. டோஃபு கடைக்காரம்மாவின் சமையற்கட்டுச் சொற்களில் அதிகாலை ஆவி மணக்கும். போஸ்ட்மாஸ்டரின் சொற்கள் விரலில் பசையாக ஒட்டும். இன்றைய அறிவிப்பில் வந்த இந்த ஒரு கூட்டம் மட்டும் வேறு. திறந்துவிடுவது, ஒலிபரப்புவது, கவனிக்காமல் விடுவது என்று ஜப்பானிய மொழியில் எல்லாமே பொருளைச் சுமக்கும் ஒரே சித்திர எழுத்தின் பிள்ளைகள். அவற்றில் ஒன்றைச் சொன்னாலும் சரி, கேட்டாலும் சரி, வலது உள்ளங்கை சில்லிடும். செய்யாத ஒரு குற்றத்தைச் செய்துவிட்டவள்போல இருக்கும். ஜெபத்தில் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டாள்: ஆண்டவரே, நான் என்ன செய்தேன்?

*

மாதச் சோதனைக்குப் போனபோது வைரவனிடம் கேட்டாள். சொல் ஏற்றும் நிலையத்தில் வேலை பார்க்கும் தென்காசிப் பையன். தமிழில் பேச ஆள் கிடைத்தால் தேநீர் போடாமல் விடமாட்டான்.

"உங்களுக்குப் புரியுத மாதிரி சொல்லுதேன் அக்கா. மூளையில சொல் ஒத்தையா உக்காந்திருக்காது. குடும்பமாத்தான் இருக்கும். ஒரு எழுத்தப் புடிச்சு இழுத்தா அதோட சொந்தபந்தம் பூரா வரும்." தாளில் வரைந்தான். "இந்தா, இதுதான் அந்த எழுத்து. இடப்பக்கம் திசை. வலப்பக்கம் கோல் புடிச்ச கை. சேந்தா, விடுறதுன்னு அர்த்தம். மீன்குஞ்ச ஆத்துல விட்டா இதுதான். ஜெயில்லருந்து ஆள விட்டாலும் இதுதான். ஊரவிட்டுத் தொரத்துனாலும் இதுதான்."

"அந்தக் குடும்பம் எனக்கு யாருகிட்டருந்து வந்துச்சு?"

அவன் திரையைப் பார்த்தான். தயங்கினான். "சொல்லக் கூடாது. ஆனா உங்க ஊர்லயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்குமே. அணை ஆபீஸ்ல இருந்த குராத்தா. மதகு திறக்குறதும் அவருதான், திறக்குறதுக்கு முன்னால ஊருக்கு அறிவிக்கதும் அவருதான். மத்தவங்க சொல்லையெல்லாம் நாங்க அலசித்தான் ஏத்துவோம். அழுகை, சண்டை, வசவு எதுவும் ஒட்டியிருக்கக் கூடாதுல்லா. அறிவிப்பு சொல்லுதவரு சொல்லு சுத்தமாத்தான் இருக்கும்னு, இத மட்டும் அலசாம விட்டுட்டாங்க."

"அதுல என்ன ஒட்டியிருக்கு?"

"பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால ஒரு நாள் ரெண்டு மணிக்கு தண்ணி வரும்னு அறிவிச்சாரு. மேல தண்ணி கிடுகிடுன்னு ஏறுதுன்னு ஒண்ணு அம்பத்துநாலுக்கே திறந்துட்டாரு. கீழ ஒரு ஆள் இருந்திருக்கான்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"இவாசே வீட்டுப் பையன்" என்றாள் ஜெபக்கனி. காதைப் பொத்திய ஃபுமியின் முகம் கண்முன் வந்தது.

வைரவன் தலையாட்டினான். "மன்னிப்பு கேட்டா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிரும்னு ஆபீஸ் வக்கீல் வாயத் திறக்க விடல. கேக்காமலேயே ரிட்டயர் ஆயிட்டாரு."

"அப்ப அவருகிட்ட இருந்தது எனக்கும் நகலா வந்திருக்கு."

அவன் நிமிரவில்லை. "நகல் இல்ல அக்கா. எடுத்துட்டா அங்க இருக்காது."

கொடுத்தவர்கள் எல்லோரும் அதைத் தெரிந்துதான் கொடுத்திருக்கிறார்கள். இனி இந்தச் சொல் எனக்கு எதற்கு, தூரத்திலிருந்து வரும் பிள்ளைக்கு உதவட்டும் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வாங்கியவளிடம்தான் யாரும் சொல்லவில்லை.

"இப்ப என்ன செய்ய?"

"ரெண்டு வழி. ஒண்ணு, அலசிரலாம். அரைமணி நேர வேலை. சொல்லு இருக்கும், அந்தக் கனம் இருக்காது. நீங்க எழுதப்போற வேலைப் பரீட்சைக்கும் பிரச்சினை இல்ல."

"அலசுனா அது எங்க போவும்?"

"எங்கயும் போவாது. இல்லாமப் போயிரும்."

"இன்னொரு வழி?"

"அதப் பத்தி நினைக்காதீங்க. திருப்பிக் குடுக்கது. ஒரு வருஷம் ஆயிட்டா வேர் புடிச்சிரும், எடுக்க முடியாது. உங்களுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. ஆனா குடுத்துட்டா அந்த இடம் ஆற ரெண்டு வருஷம் ஆவும். அதுவரைக்கும் புதுசா ஏத்தவும் முடியாது, படிச்சாலும் ஒட்டாது. உங்களுக்கு பரீட்சை என்னைக்கு?"

"பதினெட்டு நாள்ல."

"ஆபத்து அறிவிப்பு பகுதி கட்டாயம்லா? வெள்ளம் வந்தா பெரியவங்களத் தூக்கிட்டு ஓடணும், அதனால அதுல ஒரு கேள்வி தப்புனாலும் பெயில். அந்த அறிவிப்பு பூரா இந்த எழுத்துதான். பெயிலானா குடும்பத்தக் கூப்புட முடியாது அக்கா."

அது அவளுக்கு நன்றாகத் தெரியும். நாசரேத்தில் நான்கு வயது மகள் எப்சிபாவுக்குக் கணவன் தேவசித்தம் குளிர்கோட்டு வாங்கி வைத்துவிட்டான். அதை அவள் வெயிலில் போட்டுக்கொண்டு திரிகிறாளாம்.

"அலசுற சம்மதத் தாளக் குடு" என்று கையை நீட்டினாள். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள். கையெழுத்துப் போடவில்லை.

*

குராத்தாவின் வீடு பாலத்தை ஒட்டி இருந்தது. வெறுங்கையோடு போகக் கூடாது என்பது இந்த ஊர் வழக்கம். ஊரிலிருந்து வந்திருந்த முதலூர் மஸ்கோத் அல்வாவைக் கொண்டுபோனாள். எழுபத்தொரு வயது மனிதர் அதை விரலால் அமுக்கிப் பார்த்து, "இதை மெல்லணுமா, விழுங்கணுமா?" என்று கேட்டார். பிறகு மூன்று துண்டு தின்றார்.

நெற்றியில் தையல் போட்ட தழும்பு புதிதாக இருந்தது.

"போன மாசம் ஆத்துக்குள்ள நடந்துட்டு இருந்தேன்" என்றார் அவளுடைய பார்வையைக் கண்டு. "ஒலிபெருக்கியில என்னமோ சொன்னாங்க. சத்தம் கேக்குது, எதைப் பத்தின்னு புரியல. ஊர் மேல இருந்து கத்துது. நான் கையாட்டறேன். தீயணைப்புக்காரங்க வந்து அள்ளிட்டுப் போனாங்க." சிரித்தார். "முப்பது வருஷம் அதையே சொன்ன வாய் இது."

"ஏன் குடுத்தீங்க?"

"குடுத்துட்டா லேசாயிடும்னு நெனச்சேன்." யோசித்தார். "லேசாத்தான் இருக்கு. கூரை பறந்துபோன வீடும் லேசாத்தான் இருக்கும்."

நடந்தது அவருக்கு நினைவிருந்தது. யாரோ ஒருவரைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தது போல, தேதியும் நேரமுமாக. ஆனால் தினமும் பிற்பகலில் வாசலுக்கு வந்து நிற்கிறாராம். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாதாம். கடைத்தெருவில் இவாசே அம்மாவைச் சக்கர நாற்காலியில் பார்த்தால் ஏதோ சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுமாம். வாயைத் திறந்தால் ஒன்றும் இருக்காதாம்.

ஜெபக்கனி சொன்னாள்: "நான் அவங்க முன்னால தலை குனிஞ்சேன். ஏன்னு தெரியாமலே குனிஞ்சேன். அது உங்களோட குனிவு. நான் குனிஞ்சா அது அவங்களுக்குப் போய்ச் சேராது. திருப்பித் தர வந்திருக்கேன்."

"வேண்டாம்மா. குடுத்தது குடுத்ததுதான். உன் பரீட்சை இருக்கு."

பரீட்சையைப் பற்றி அவருக்கும் தெரிந்திருந்தது. சிறிய ஊர்.

"இதை அலசி அழிச்சுடலாம்னு சொல்றாங்க" என்றாள். "அழிச்சா எனக்கு நல்லது. ஆனா அந்த அம்மாகிட்ட யாரும் மன்னிப்பு கேக்காமலே அது முடிஞ்சுபோகும்."

ஒரு லாரி பாலத்தைக் கடந்து போனது.

"கனக்குமா?" என்று கேட்டார்.

"கனக்கும்."

"ரொம்பவா?"

"நான் ஒரு வருஷம் தூக்கியிருக்கேன் குராத்தா சான். தூக்க முடியும்."

*

"ஊருல உள்ளவன் பாவத்தையெல்லாம் நீதான் சொமக்கணுமாக்கும்?" என்றான் தேவசித்தம் போனில்.

"சொமக்க மாட்டேன்னுதான திருப்பிக் குடுக்கேன்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. ஏட்டி, அலசிட்டுப் போறத விட்டுட்டு... ரெண்டு வருஷம்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? பிள்ளைக்கு நான் என்ன சொல்லட்டும்?"

எதிர்முனையில் பேக்கரி அடுப்புக் கதவு மூடும் சத்தம் கேட்டது. அவன் அங்கேதான் ரொட்டி போடுகிறான். கோபம் வந்தால் ரொட்டி கருகிவிடும் என்பதால் போனை அடுப்படிக்குக் கொண்டுபோவதில்லை. இன்று மறந்துவிட்டான் போலிருக்கிறது.

"அந்த அம்மாவுக்கு வேற பிள்ளைங்க உண்டா?" என்று கேட்டான் கொஞ்ச நேரம் கழித்து.

"இல்ல. ஒத்தப் பிள்ள."

பெருமூச்சு விட்டான். "என்கிட்ட ஏன் கேக்க? நீ முடிவு பண்ணிட்டுத்தான கூப்புட்ட."

"நீங்க சரின்னு சொல்லணும்."

"சரி போ. சரின்னு சொல்லிட்டேன். கோவம் போவலன்னு வச்சுக்க."

அந்த வாரமே முடிந்தது. நிலையத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்தார்கள், நாற்பது நிமிடம். வைரவன் கடைசிவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஜெபக்கனிக்கு முதலில் உள்ளங்கை சூடாயிற்று. பிறகு, நெடுநாள் தலைச்சுமையை இறக்கியபின் கழுத்து எங்கே நிற்பதென்று தெரியாமல் ஆடுமே, அப்படி ஆடியது. பக்கத்துக் கட்டிலில் குராத்தா சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். அவள் கையை நீட்டி அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள்.

*

மூன்றாம் நாள் பிற்பகல் அவர் இல்லத்துக்கு வந்தார். கறுப்புக் கோட்டு, புது மழிப்பு. ஃபுமி அவரைக் கண்டதும் நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்தார். "நீ இங்கயே இரு" என்று ஜெபக்கனியைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

குராத்தா தரையில் மண்டியிட்டு, இரு கைகளையும் ஊன்றி, தலையைத் தாழ்த்தினார். அப்படியே பேசினார். ஜெபக்கனிக்கு அந்தப் பேச்சு பூச்சி அரித்த துணிபோல ஓட்டை ஓட்டையாகக் கேட்டது. அன்று... இரண்டு மணிக்கு... என்று நான் சொன்னேன். ஆறு நிமிடம் முன்னால்... என் கையால்... வக்கீல் சொன்னார் என்று... நானும்... முக்கியமான இடத்தில் எல்லாம் சத்தம் இருந்தது, பொருள் இல்லை. ஆனால் அந்த முதுகு குலுங்கியதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை.

பேசி முடித்தும் அவர் தலையைத் தூக்கவில்லை.

ஜெபக்கனி மனதுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்தாள். மன்னித்தேன் என்று ஒரு சொல் வந்துவிட்டால் போதும், ஆண்டவரே.

ஃபுமி சொன்னது வேறு.

"என் பையன் நொபொரு மேல வந்துட்டான்."

குராத்தா நிமிர்ந்தார்.

"உங்க குரல் கேட்டதுமே மேல ஏறி வந்துட்டான். எப்பவும் உடனே வந்துடுவான், நல்ல பையன். நான்தான் கேட்டேன், மீன் கூடை எங்கடான்னு. கீழயே வச்சுட்டேன்னான். சாயங்காலம் என் தம்பி வர்றான், ஆத்துமீன்னா உயிர் அவனுக்கு. இன்னும் கால்மணி நேரம் இருக்கு, ஓடிப் போய் எடுத்துட்டு வான்னேன்." கைப்பிடியைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. "போகலம்மான்னான். நான்தான் அதட்டினேன்."

ஃபுமி கைப்பிடியை விடாமலே தொடர்ந்தார்.

"விசாரணையில எல்லாரும் உங்க ஆறு நிமிஷத்தையே பேசினாங்க. நான் வாயத் திறக்கல. உங்களை வேலையில ஓரமாத் தள்ளினாங்க. அப்பவும் திறக்கல. கடைத்தெருவுல நீங்க என் முகத்தைப் பாக்கறப்பல்லாம், இவருக்குத் தெரியும், பிள்ளையை ஏன் திருப்பி அனுப்பினேன்னு இப்ப கேக்கப் போறார்னு நடுங்குவேன். அன்னைக்கு இந்தப் பொண்ணு வாயில உங்க குரல் வந்ததும், கேக்கத்தான் வந்துட்டீங்கன்னு..."

முடிக்க முடியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கி மண்டியிடப் பார்த்தார். அந்த முழங்காலுக்கு அது முடியாது. ஜெபக்கனி பிடிப்பதற்குள் குராத்தா பிடித்துக்கொண்டார். இரண்டு முதிய தலைகள் ஒன்றையொன்று இடிக்கும் நெருக்கத்தில், யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தார்கள்.

பிறகு ஃபுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெபக்கனியை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாத்தையும் கேட்டுட்டியா?"

"பாதிதான் புரிஞ்சுது."

"எந்தப் பாதி?"

"உங்க பாதி."

"என் பாதியை அவ கேக்கவே வேண்டாம்" என்றார் குராத்தா. "ஒரு வருஷம் அவகிட்டதான் இருந்தது."

*

பரீட்சையில் ஆபத்து அறிவிப்புப் பகுதி எட்டே கேள்விகள். ஜெபக்கனி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒன்றிலும் நடுச்சொல் விளங்கவில்லை. தெரிந்ததைப் போல எதையாவது குறித்து வைக்க மனம் வரவில்லை. நாளை ஒருவரின் உயிர் தன் கையில் இருக்கும்போது புரிந்ததுபோல் தலையாட்டுகிறவளுக்கு அந்தச் சான்றிதழ் எதற்கு என்று தோன்றியது. எட்டையும் வெறுமையாகவே விட்டாள். மற்றப் பகுதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்தாள் என்று பின்னால் கடிதம் வந்தது. அதே கடிதத்தின் கடைசி வரியில் தேர்ச்சி இல்லை என்று இருந்தது.

கடிதம் வந்த அன்று மதியம் ஓய்வு நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்தாள். தேவசித்தம் கேட்டுக்கொண்டான். திட்டவில்லை. "பிள்ளகிட்ட நீயே சொல்லிரு. நான் சொன்னா பொய் சொல்லிருவேன்" என்று போனை எப்சிபாவிடம் கொடுத்தான்.

"பாப்பா, அம்மா பரீட்சையில பெயிலாயிட்டேன்."

"மிஸ் அடிச்சாங்களா?"

"இல்ல. ஆனா நீ இங்க வாரதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்."

எதிர்முனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. விரல் விட்டு எண்ணுகிறாள் என்று ஜெபக்கனிக்குத் தெரிந்தது.

"அப்ப எனக்கு ஆறு வயசாயிரும்."

"ஆமா."

"நான் பெருசா இருப்பேன்லா. ஒனக்கு என்னய அடையாளம் தெரியுமா?"

ஜெபக்கனி சுவரில் சாய்ந்தாள். கூடத்தில் பெரியவர்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். சன்னலோர மேசையில் குராத்தா ஃபுமிக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுளையிலும் நாரை எடுத்துவிட்டு வைத்தார். தின்பதற்கு இருவருக்கும் அவசரம் இல்லை.

"தெரியலன்னா நீ வந்து சொல்லு, நான்தான் எப்சிபான்னு."

"சத்தமா சொல்லட்டா?"

"சத்தமாச் சொல்லு. ஏர்போர்ட்ல ரொம்பக் கூட்டமா இருக்கும்."

"இப்ப சொல்லிப் பாக்கட்டா?"

"சொல்லிப் பாரு."

பிள்ளை மூச்சை இழுத்துக்கொண்டது. "அம்மா! நான்தான் எப்சிபா!"

"இன்னும் கொஞ்சம்."

"அம்மா! நான்தான் எப்சிபாஆஆ!"

தேநீர்க் கோப்பைகள் பாதியில் நின்றன. கூடத்திலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜெபக்கனி போனைக் காதிலிருந்து எடுத்து, அவர்களுக்கும் கேட்கும்படி உயர்த்திப் பிடித்தாள்.